இந்த வாட்டி பந்தைப் பாருங்கடா

மைதானத்தில் இருபத்திரண்டு பேர் ஓடிக்கொண்டிருக்க, அந்தப் பந்துக்கு ரெஃப்ரியின் மூக்குதான் கிடைத்தது. அரையிறுதி ஆட்டம், இடைவேளைக்கு இரண்டே நிமிடம். எவனோ ஆத்திரத்தில் கண்ணை மூடிக்கொண்டு உதைத்தான். இளவேனிலின் கண்ணாடி ஒரு பக்கம் பறந்தது, விசில் ஒரு பக்கம் பறந்தது, அவள் மட்டும் விழாமல் நின்றாள். ஆஸ்டின் டவுன் மைதானத்துச் சுவர்மேல் உட்கார்ந்திருந்த கூட்டம் "அய்யோ" என்று ஒரு தரம் பரிதாபப்பட்டுவிட்டு, அடுத்த மூச்சில் கைதட்டியது. நாலு வருஷமாக "ஏய் சோடாபுட்டி" என்று கத்தித் தொண்டை வற்றியவர்களுக்கு அன்றைக்குத் திருவிழா.

கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். வலது பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல். அதையே மாட்டிக்கொண்டு மிச்ச ஆட்டத்தையும் நடத்தி முடித்தாள். வலது கண்ணுக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. கோல்கீப்பர் இரண்டு பேர், கம்பம் நாலு. அப்படியும் ஒரு ஆஃப்சைட் தப்பவில்லை. சும்மா சொல்லக்கூடாது, விசில் ஊதுவதில் அவள் ராட்சசி.

வயது முப்பத்து நாலு. கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். வீடு மைதானத்துக்குப் பின்னால் இரண்டாவது தெரு. அம்பேத்கர் ஜெயந்திக் கோப்பைக்கு ஒரு பெண் ரெஃப்ரியா என்று முதல் வருஷம் கமிட்டியிலேயே பாதிப் பேர் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார்கள். கமிட்டித் தலைவர் முனியப்பன்தான் மேஜையைத் தட்டினார். பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர், குரலே ஹார்ன் மாதிரி இருக்கும். "விசில் ஊதறதுக்கு மீசை வேணும்னு எந்த ரூல் புக்குல போட்டுகிது? எனக்குக் காட்டு பாப்பம்" என்றார். யாரும் காட்டவில்லை. நாலு வருஷம் சின்னச் சின்ன ஆட்டங்கள், காலிறுதி, அரையிறுதி என்று ஏறி ஏறி, இந்த வருஷம் இறுதி ஆட்டமே அவள் கைக்கு வந்திருந்தது. வந்த நேரம் பார்த்துக் கண்ணாடி உடைந்தது. கடைக்காரர் அவளுடைய பவருக்குப் பத்து நாள் ஆகும் என்று சொல்லிவிட்டார். இறுதி ஆட்டமோ அடுத்த ஞாயிற்றுக்கிழமை.

அப்போதுதான் அருண்குமார் வந்து சேர்ந்தான். கோபிச்செட்டிப்பாளையத்துப் பையன், பொம்மனஹள்ளியில் அறை எடுத்துத் தங்கி ஏதோ ஒரு புதுக் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் இங்கே ஆட்டம் பார்க்க வந்துவிடுவான். கையில் ஒரு டப்பா வைத்திருந்தான்.

"ஏனுங்க மேடம், இது எங்க கம்பெனி கண்ணாடிங்க. பாக்கறதெல்லாம் படம் புடிக்கும். உங்க பவரையே போட்டு நாளைக்குள்ள தந்தர்றேன். காசு ஒண்ணும் வேண்டாங்க, ஃபைனல்ல நீங்க போட்டுட்டு ஓடுனாப் போதும். ரெஃப்ரி பாக்கறத ஊரே பாக்கலாம்."

"ரெஃப்ரி பாக்கறத ஊரு எதுக்குப்பா பாக்கணும்?" என்றாள் இளவேனில்.

முனியப்பன் கேட்டாரா? அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயந்திக்கு வாடகைக்கு எடுத்த எல்.ஈ.டி. திரை மேடையில் சும்மாதானே நிற்கிறது, உலகக் கோப்பை மாதிரி அதிலேயே போட்டுக் காட்டிவிடலாம் என்றார். அங்கேயே ஒரு சட்டமும் போட்டார். தகராறு எது வந்தாலும் படம் பேசும். வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது, எடுத்ததை எடுத்தபடி காட்ட வேண்டும். இரண்டு டீம் கேப்டன்களும் கையெழுத்துப் போட்டார்கள். இளவேனிலுக்கு வேறு வழி தெரியவில்லை. கண் தெரிய வேண்டுமே, சரி என்றாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோம் என்பது அவளுக்குப் புதன்கிழமைதான் புரிந்தது.

திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போனாள். பார்வை என்னவோ பளிச்சென்று இருந்தது. அதில் குறையே இல்லை. ஆனால் பத்து மணிக்குள் காதோரத் தண்டு தோசைக்கல் மாதிரி சுட ஆரம்பித்தது. மத்தியானம் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தால், அதுவரை ஹெட்மிஸ்ட்ரஸைக் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று மாங்காய் ஊறுகாய் பற்றிப் பேசினார்கள். பிள்ளைகளைக் கபடி ஆடச் சொன்னால் அவள் முகத்துக்கு நேராக வந்து இரண்டு விரலைக் காட்டிச் சிரித்தன. பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரர் எழுந்தே விட்டார். "யாக்கம்மா, வீடியோ மாட்தா இதியா?" என்று, படம் பிடிக்கிறாயா என்று கேட்டு அவர் போட்ட சத்தத்தில் கண்டக்டரும் வந்து அவள் முகத்தைக் குனிந்து பார்த்தார். இல்லை, இது வெறும் கண்ணாடி என்று கன்னடத்தில் சொல்லிப் பார்த்தாள். ஓரத்தில் மினுக்கிய வெள்ளைப் பொட்டு வெளிச்சத்தை வைத்துக்கொண்டு யார் நம்புவார்கள்? வீட்டிலோ அதைவிட மோசம். அம்மா நைட்டியோடு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "அத்தக் கயட்டி வெச்சிட்டு வா. அப்பாலதான் சோறு."

கழற்றினால் எதிரில் இருக்கிற சோறே அவளுக்குத் தெரியாது, விரிசல் விட்ட பழையதை மாட்டினால் அரை மணியில் தலை பிளந்தது. புதியதை மாட்டினால் யாரும் இயல்பாக எதிரில் நிற்பதில்லை. அந்த ஒரு வாரத்தில் அவளிடம் மனதில் இருந்ததைப் பேசியது தெருநாய் மட்டும்தான்.

அதுகூடப் பரவாயில்லை. காதோரத் தண்டில் ஒரு தட்டுத் தட்டினால் படம் ஓடும், இன்னொரு தட்டுத் தட்டினால் நிற்கும் என்று அருண்குமார் சொல்லிக் கொடுத்திருந்தான். இருபத்தைந்து வருஷமாகக் கண்ணாடி போடுகிறவளுக்கு விரல் சும்மா இருக்குமா? கண்ணாடி நழுவினால் தண்டைத் தொட்டு ஏற்றுவாள். நழுவாவிட்டாலும் ஏற்றுவாள். அந்தப் பழக்கத்தில் கண்ணாடி தானாக ஓடுவதும் நிற்பதுமாக, அவளுக்குத் தெரியாமலே எதையெதையோ பிடித்துக்கொண்டிருந்தது. புதன்கிழமை பயிற்சி ஆட்டம் முடிந்ததும் அருண்குமார் தன் போனை நீட்டினான். "நிறையக் கிளிப் சேர்ந்திருக்குதுங்க மேடம். எல்லாம் தானா என் போனுக்கு வந்துரும். வேண்டாததை நீங்களே அழிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்தான். வானத்தில் ஒன்றும் இல்லை.

முப்பத்தோரு துண்டுப் படங்கள் இருந்தன. பள்ளிக்கூட மைதானம். கொதிக்கிற சாம்பார். தெருநாய். அப்புறம் சரவணன் டீ குடிக்கிறான். சரவணன் ஷூ கயிறு கட்டுகிறான். சரவணன் கொடியைச் சுருட்டுகிறான், தண்ணீர் குடிக்கிறான், சும்மா நிற்கிறான். எண்ணிப் பார்த்தாள். முப்பத்தொன்றில் பத்தொன்பது சரவணன். அடக் கடவுளே! அவனைப் பார்த்தபோதெல்லாம் தன் விரல் கண்ணாடியைச் சரிசெய்யப் போயிருக்கிறது என்பது அந்த நிமிடம்வரை அவளுக்கே தெரியாது. உடம்பெல்லாம் குப்பென்று வியர்த்தது. ஒவ்வொன்றாக அழித்தாள். டீ குடிக்கிறதை மட்டும் இன்னொரு தரம் பார்த்துவிட்டு அழித்தாள்.

சரவணன் ஜீவனஹள்ளிக்காரன். லிஃப்ட் ரிப்பேர் மெக்கானிக். இரண்டு தங்கைகளைக் கட்டிக்கொடுத்து நிமிர்வதற்குள் முப்பத்தொன்பது ஆகிவிட்டது. நாலு வருஷமாக அவளுடைய ஆட்டங்களில் லைன்ஸ்மேன். கோட்டோரம் மஞ்சள் கொடியோடு ஓடுகிற ஆள். நாலு வருஷத்தில் இருவரும் பேசிய பேச்சை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிவிடலாம். "ஆஃப்சைட்." "த்ரோ அவங்களுக்கு." "தண்ணி?" அவ்வளவுதான். ஆனால் அவளுடைய விசிலும் அவனுடைய கொடியும் ஒரே நொடியில் எழும். நூறு ஆட்டங்களில் ஒரு தரம்கூட மாறியதில்லை. நூறு ஆட்டம் அப்படி ஒருவன் கூட ஓடினால் மனசு என்ன மரக்கட்டையா? யாரிடமும் சொல்லவில்லை, அவனிடமும் சொல்லவில்லை. ரெஃப்ரிக்குப் பிடித்த ஆள் என்று ஒருவன் மைதானத்தில் இருக்கிறான் என்று தெரிந்தால் அவள் ஊதுகிற ஒவ்வொரு விசிலையும் ஊர் முகர்ந்து பார்க்கும். அந்தச் சந்தேகம் அவளோடு போகாது. அடுத்து ஒரு பெண் விசில் கேட்டு வந்தால் இளவேனிலைக் காட்டியே விரட்டுவார்கள்.

அதிலும் இறுதி ஆட்டம் யார் யாருக்கு? ஆஸ்டின் டவுனுக்கும் ஜீவனஹள்ளிக்கும். இந்தக் கோப்பையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. இறுதி ஆட்டத்துக்கு இரண்டு டீமும் ஆளுக்கொரு லைன்ஸ்மேன் கொடுக்க வேண்டும். ஜீவனஹள்ளி கொடுத்த பெயர் சரவணன். ஞாயிறு காலையில் ஷூ கட்டும்போதே இளவேனில் சபதம் எடுத்தாள். இன்றைக்கு அந்தப் பக்கம் திரும்பவே கூடாது. திரும்பினாலும் கொடியை மட்டும் பார்க்க வேண்டும். முகத்தைப் பார்த்தால் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

ஐயையோ, அன்றைக்கு வந்த கூட்டம்! சுவரில் இடமில்லாமல் வேப்பமரத்தில் ஏறியிருந்தார்கள். எதிர்வீட்டு மொட்டை மாடிகளில் நாற்காலி போட்டுக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் மாலை போட்ட பாபாசாகேப் படம், பக்கத்தில் பன்னிரண்டு அடித் திரை, மேடைக் காலில் கட்டிய பரிசுக் கிடா. யாரும் கவனிக்காத நேரத்தில் கிடா மாலையில் பாதியைத் தின்றிருந்தது. பறை ஒரு பக்கம், பேண்ட் செட் ஒரு பக்கம், நடுவில் முனியப்பன் மைக்கில் ஒன்றுமே புரியாமல் கத்திக்கொண்டிருந்தார். அருண்குமார் அவளுடைய கண்ணாடியைத் தட்டி ஓடவிட்டு, "இன்னிக்கு லாக் பண்ணிட்டனுங்க. தட்டுனாலும் நிக்காது" என்றான். இளவேனில் விசிலைக் கடித்தாள்.

ஆட்டமா அது, நெருப்பு! பதினொன்றாவது நிமிடம் ஆஸ்டின் டவுன் ஒரு கோல். மரத்திலிருந்து ஒருவன் விழுந்தே விட்டான், விழுந்தவன் எழுந்து ஆடினான். நாற்பதாவது நிமிடம் ஜீவனஹள்ளி திருப்பிக் கொடுத்தது. பிறகு இரண்டு பக்கமும் விடாப்பிடி. இளவேனில் காற்றில் ஓடினாள். கண்ணாடி பனித்தது, துடைத்தாள், காது எரிந்தது, பல்லைக் கடித்தாள். எண்பத்தைந்து நிமிடம் சபதத்தைக் காப்பாற்றினாள். கொடியை மட்டும் பார்த்தாள். தான் ஒரு நல்ல ரெஃப்ரி என்ற சந்தோஷம் கால் கட்டைவிரல்வரை பாய்ந்தது.

எண்பத்தாறாவது நிமிடம் ஜீவனஹள்ளிக்கு இடது மூலையில் கார்னர் கிடைத்தது. பந்து சாக்கடைக்குள் போய்விட்டதால் எடுத்துக் கழுவிக் கொண்டுவர நேரம் பிடித்தது. எல்லாரும் கோல் முன்னால் கும்பலாக நின்று இடித்துக்கொண்டிருந்தார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு அவள் நிமிர்ந்தாள். வலது மூலையில் சரவணன் நின்றான். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். வெயில் சாய்ந்து அவன் மேல் விழுந்திருந்தது. சட்டை தோளோடு ஒட்டியிருந்தது. அவன் எங்கே பார்க்கிறான் என்பதுகூட அவள் புத்தியில் ஏறவில்லை. எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று கேட்டால் ஒரு நொடி என்றுதான் சத்தியம் செய்திருப்பாள். இடது பக்கம் பந்தை உதைத்த சத்தம் கேட்டது. பந்து தலைகளுக்கு மேல் வந்தது. கண்ணின் ஓரத்தில் ஒரு முழங்கை எழுந்தது, பந்தின் போக்கு மாறியது. அவள் யோசிப்பதற்குள் விசில் ஊதிவிட்டது.

கையில் பட்டது. பெனால்ட்டி. சொந்த ஊருக்கு எதிராக, நாலு நிமிடம் இருக்கையில், பெனால்ட்டி.

முழங்கைக்குச் சொந்தக்காரன் தருண், ஆஸ்டின் டவுன் கேப்டன். ஏழாவது படிக்கும்போது அவள்தான் அவனுக்குப் பந்தைத் தடுக்கக் கற்றுக்கொடுத்தாள். அவன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தான்.

"இன்னா மிஸ் இது அநியாயம்! எங்கம்மா சத்தியமா படல மிஸ். நெஞ்சுல பட்டுச்சு."

"முழங்கைல பட்டுது தருண். நான் பாத்தேன்."

"நீங்க பாத்தீங்களா? அப்ப லைன்ஸ்மேன் ஏன் கொடி தூக்கல? அவரு பத்தடி தூரத்துல நின்னுகினு இருந்தாரு. அவரு ஜீவனஹள்ளி ஆளு மிஸ்! அவங்க டீமுக்கே பெனால்ட்டி, அவரே கொடி தூக்கலன்னா இன்னா அர்த்தம்? படலன்னுதானே அர்த்தம்?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான். ஆனால் மறைத்த விதம் என்ன அழகு! கூட்டம் பொங்கியது. நியாயம்தானே, சொந்த டீமுக்கு வருகிற பெனால்ட்டியை எந்த லைன்ஸ்மேன் விடுவான்? "சோடாபுட்டி" என்று ஒரு குரல் ஆரம்பித்தது. "பொம்பள கைல விசிலக் குடுத்தா இப்டித்தான்" என்று அவள் தெருக்காரர் ஒருவரே கத்தினார். ஜீவனஹள்ளிக்காரர்கள் பந்தைக் கொண்டுபோய்ப் பெனால்ட்டிப் புள்ளியில் வைத்தார்கள், ஆஸ்டின் டவுன் பையன்கள் உதைத்துத் தள்ளினார்கள். முனியப்பன் வேட்டியை மடித்துக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கி, நேராகச் சரவணனிடம் போனார்.

"டேய், நீ சொல்லு. கைல பட்டுதா, படலியா?"

சரவணன் கொடியைச் சுருட்டினான், பிரித்தான், மறுபடி சுருட்டினான். "நான் பாக்கலண்ணே."

"பாக்கலியா? கோட்டு மேல நின்னுகினு, பந்தப் பாக்காம வேற இன்னாத்தப் பாத்துகினு இருந்த?"

அவன் முகத்தில் அப்படி ஒரு கலவரத்தை இளவேனில் பார்த்ததில்லை. அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. நூறு ஆட்டத்தில் ஒரு தரம் தவறாத கொடி, அவளுக்கு உயிர்போகிற நேரத்தில் எங்கே போய்த் தொலைந்தது?

"படம் போடுங்க!" என்று யாரோ கத்தினார்கள். "படம்! படம்!" என்று மரமும் சுவரும் மாடியும் சேர்ந்து கத்தின. தருணும்கூடச் சேர்ந்து கத்தினான். ரெஃப்ரி நின்ற இடத்திலிருந்து தெரிந்திருக்காது என்ற தைரியம் அவனுக்கு.

அருண்குமார் போனோடு ஓடி வந்தான். முகம் வெளிறியிருந்தது. அவளைத் தள்ளிக்கொண்டு போய்க் கோல் கம்பத்துக்குப் பின்னால் நிறுத்தினான்.

"பாத்துட்டனுங்க மேடம். கை பட்டது தெளிவா இருக்குதுங்க, ஓரத்துல. இது அகலமான கேமராங்க, நீங்க பாக்காததையும் பாத்துரும். ஆனா..." போனைக் கவிழ்த்துப் பிடித்தான். "ஆனா அதுக்கு முன்னாடி பதினாலு செகண்டு இருக்குதுங்க. கார்னர் அடிக்கறது இந்தப் பக்கம். நீங்க திரும்பி நிக்கறது அந்தப் பக்கம். வெட்டிரலாம்னா, வெட்டக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாருங்க பெரியவரு. பேட்டரி தீந்து போச்சு, பதிவாகலன்னு சொல்லிரட்டுங்களா? அழிச்சர்றேன். நான் சொன்னா நம்புவாங்க."

பதினாலு நொடி! பதினாலு நொடியில் ஒரு கோல்கிக் எடுத்து நடுக்கோடு தாண்டலாம். அத்தனை நேரமா அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்? மேடையில் பன்னிரண்டு அடித் திரை காலியாக மின்னிக்கொண்டிருந்தது. மொட்டை மாடியில் அம்மா நிற்பது கண்ணாடி வழியாகத் துல்லியமாகத் தெரிந்தது. அழித்துவிடு என்று சொன்னால் முடிந்தது. படம் இல்லை, லைன்ஸ்மேனும் பார்க்கவில்லை, ஆகவே பெனால்ட்டி வாபஸ். சொந்த ஊர் தோளில் தூக்கிக்கொண்டு ஆடும், கிடா வெட்டி முதல் தட்டு அவளுக்குத்தான் வரும். போட்டுக் காட்டினாலோ, ஜீவனஹள்ளி ஆளைப் பார்த்து மயங்கித்தான் ஜீவனஹள்ளிக்குப் பெனால்ட்டி கொடுத்தாள் என்று நாளைக் காலை பால் பூத்தில் பேசுவார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நாலு வருஷம் மூச்சுப் பிடித்து ஏறியது பதினாலு நொடியில் இறங்கிவிடும். அந்தக் கண்ணாடியைக் கழற்றித் தரையில் போட்டு மிதிக்க வேண்டும்போல் இருந்தது. ஒரு மனுஷி எங்கே பார்த்தாள் என்பது அவளோடு போக வேண்டியது. அதை எடுத்து எவனோ பையன் போனில் வைப்பார்களா?

தருண் தூரத்தில் நின்று நெஞ்சைத் தடவிக் காட்டிக்கொண்டிருந்தான், பந்து அங்கேதான் பட்டது என்று. ஏழாம் வகுப்பில் பேனாவைத் திருடிவிட்டு அப்படித்தான் பாக்கெட்டைத் தடவினான். அதைப் பார்த்ததும் அவளுக்குள் என்னவோ சடக்கென்று நிமிர்ந்தது. கையில் பட்டது. பட்டதைப் படவில்லை என்று சொல்லிவிட்டு நாளையிலிருந்து எந்த வாயால் விசில் ஊதுவது?

"போடு" என்றாள்.

"மேடம், நல்லா யோசிச்சு..."

"முழுசாப் போடு அருண். நான் மறுபடி யோசிக்கறதுக்குள்ள போடு."

திரை கறுத்து வெளுத்தது. பறை நின்றது. ஊரே வாயைத் திறந்துகொண்டு பார்த்தது. முதலில் அவளுடைய மூச்சு வாங்கும் சத்தம் ஸ்பீக்கரில் புஸ் புஸ்ஸென்று மைதானம் முழுக்கக் கேட்டது. காட்சி மெல்லத் திரும்பியது. கோல் கம்பம், தலைகள், வெயில், வலது மூலை. அங்கே சரவணன். இளவேனில் தலையைக் குனிந்து புல்லைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். ஐந்தில் யாரோ ஒரு பெண் "ஐயோ" என்று இழுத்தாள். ஏழில் மாடியில் சிரிப்பு கேட்டது. பத்தில் ஒரு விசில், அது அவளுடைய விசில் இல்லை, மரத்திலிருந்து எவனோ விரலை வைத்து அடித்த விசில். என்னதான் ஆனது என்று நிமிர்ந்தாள்.

பன்னிரண்டு அடி உயரத்தில் சரவணன் நின்றான். கொடி கால் ஓரம் மறந்துபோய்த் தொங்கியது. பந்து போகிற பக்கம் அவன் பார்க்கவில்லை. கோட்டைப் பார்க்கவில்லை, கும்பலைப் பார்க்கவில்லை. நேராக, இமை கொட்டாமல், அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது திரையில் அது கூட்டம் முழுவதையும் பார்ப்பதாக இருந்தது. இரண்டாயிரம் பேரையும் ஒருவன் அப்படிப் பார்த்தால் இரண்டாயிரம் பேரும் என்ன செய்வார்கள், அவர்களும் பார்த்தார்கள். பந்து வந்தது, போனது, அவளுடைய விசில் ஊதியது. அந்த விசிலில்தான் திரையில் இருந்தவன் திடுக்கிட்டுத் தன் கொடியைக் குனிந்து பார்த்தான்.

படம் நின்றது. கிடா மட்டும் ஒரு தரம் கத்தியது.

"பட்டுதா?" என்று முனியப்பன் மைக்கில் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. "இன்னொரு தரம் போடுப்பா" என்றார். இன்னொரு தரம் போட்டான். கூட்டம் இன்னொரு தரம் சரவணனையே பார்த்தது, இந்த முறை கைதட்டலோடு. முனியப்பனுக்கு வந்ததே கோபம்.

"அட முண்டங்களா! மூஞ்சி எங்கியும் போவாது. இந்த வாட்டி பந்தப் பாருங்கடா!"

மூன்றாம் தரம் பந்தைப் பார்த்தார்கள். இடது ஓரத்தில் தருணின் முழங்கை கோழி இறக்கை மாதிரி விரிந்து, பந்தைத் தட்டி, மடங்கியது. பட்டதுதான். மாடியிலிருந்து மரம்வரை "ஓ" என்று ஒரு பெருமூச்சு ஓடியது. தருண் நெஞ்சைத் தடவுவதை நிறுத்தினான். "ஸாரி மிஸ்" என்றான் புல்லைப் பார்த்து. "சொந்த ஊரயே வித்துட்டாடா" என்று சுவரில் ஒருவன் கத்தினான். "சும்மா குந்துடா, பட்டுதில்ல?" என்று அவன் பக்கத்தில் இருந்தவனே அவனை அடக்கினான். இரண்டு சத்தமும் ஏறியது. நாளைக்கு எது ஜெயிக்கும் என்று யாருக்குத் தெரியும்? மாடியில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவ்வளவு பவர் இருந்தும் தெரியவில்லை.

இளவேனில் கோட்டோரம் இருந்த தன் பையிடம் போனாள். காது எரிந்த அந்தக் கண்ணாடியைக் கழற்றி அருண்குமார் கையில் வைத்தாள். பைக்குள் துழாவி விரிசல் விட்ட பழையதை எடுத்து மாட்டிக்கொண்டாள். அதன் தண்டைத் தொட்டு ஏற்றினாள். ஒன்றும் ஓடவில்லை. நெஞ்சு மட்டும் திமுதிமுவென்று ஓடிக்கொண்டிருந்தது. பந்தைத் தானே எடுத்துக்கொண்டு போய்ப் புள்ளியில் வைத்தாள். உதைக்க வேண்டியவன் பின்னால் நடந்தான், கோல்கீப்பர் கையைத் தட்டிக் குதித்தான், விரிசலில் இரண்டு கோல்கீப்பர்களும் குதித்தார்கள். விசிலை உதட்டில் வைத்தாள்.

வைத்தபடியே திரும்பினாள், வலது மூலைக்கு. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே சரவணன், நிமிர்ந்து நின்று, ஏழெட்டு நிமிடம் தாமதமாக, கையை முழுசாக நீட்டிக் கொடியைத் தூக்கிப் பிடித்திருந்தான். உடைந்த கண்ணாடியில் அது இரண்டு மஞ்சள் கொடிகளாகப் பக்கம் பக்கமாகப் பறந்தது.